நாற்பது கேள்விக்கும் ‘சி’

எஸ்.பி.எம். என்பது மலேசியாவில் ஐந்தாம் படிவத்தின் முடிவில், பதினேழு வயதில் எழுதும் பொதுச்சோதனை. அதில் வரலாறு, முதல் தாள். 40 கேள்வி, ஒரு மணி நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு வட்டம். சரியானதை 2பி பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். மூன்றாவது வட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே வரிசையாகக் கறுப்பாக்கிக்கொண்டே வந்தால் நாற்பதும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி 55 நிமிடம் மேசையில் தலைசாய்த்துக்கொள்ளலாம். கேள்வித்தாளின் முதல் பக்கத்தைக்கூடத் திருப்ப வேண்டியதில்லை. தோட்டப்புறப் பட்டணங்களின் இடைநிலைப் பள்ளிகளில் ஐந்தாம் படிவத்தில் புள்ளி குறைந்தவர்களைச் சேர்த்துவைக்கும் கடைசி வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவர்களைக் கேட்டால் தெரியும். எஸ்.பி.எம்முக்கு முன் பள்ளி வைக்கும் டிரையல் தேர்வில் இப்படிச் சில தாள்கள் வராத ஆண்டே இல்லை. திருத்துகிறவருக்கு வேலை மிச்சம். நாலில் ஒன்று என்ற கணக்கில் பத்துக்குக் கிட்டத்தட்ட வரும்.

இதைப் பற்றி பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊரின் ஒட்டுக்கடையில் பேச்செடுத்தால் பதில் தயாராக இருக்கும். “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அக்கறையே இல்லிங்க. எல்லாம் கைப்பேசி.” பேசுகிறவரின் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கும், அதை விடுங்கள். அந்தப் பதில் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. அக்கறை இல்லாதவன் சோதனை நாளன்று காலை ஐந்தரைக்கு எழுந்து, வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து வேன் பிடித்து மண்டபத்துக்கு ஏன் வருகிறான்? வராமலேயே இருந்துவிடலாமே. ஆண்டுதோறும் அப்படிப் பதிந்துவிட்டு வராதவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று கல்வி அமைச்சே சொல்கிறது. வந்து உட்கார்ந்து ‘சி’ போடுகிறவன் வேறு வகை. அவன் ஏதோ ஒரு கணக்குப் போட்டிருக்கிறான். அந்தக் கணக்கை ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை.

ஊரே பாடப்புத்தகத்தில்

இந்த ஊரை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான்காம் படிவ வரலாற்றுப் புத்தகத்தின் ஆறாம் பாடம் கம்யூனிஸ்டு மிரட்டலும் அவசரகாலப் பிரகடனமும். அந்தப் பாடம் நடப்பதே இங்கேதான். 1948 ஜூன் 16 அன்று காலை எல்பில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர் தம் அலுவலகத்தில் சுடப்பட்டார். சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் எலிசன், கிறிஸ்டியன் என்ற இருவர். அன்றே பேராக், ஜொகூரின் சில பகுதிகளில் அவசரகாலம். 18ஆம் தேதி கூட்டரசு முழுக்க. இதே ஊரில் பிறந்தவர்தான் துன் வீ.தி. சம்பந்தன், 1955 முதல் 1973 வரை ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர், சுதந்திரத்துக்கு முந்திய அரசியல் பாடங்களில் கூட்டணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எட்டிப்பார்ப்பவர். 1960இல் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர். அவர் பிறந்த தேதியும் ஜூன் 16தான், 1919இல்.

எல்பில் தோட்டத்திலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் உண்டு. ஆறாம் பாடத்தின் கேள்வியைப் பார்த்தால் அவர்களுக்கு அது கோலாலம்பூரிலோ லண்டனிலோ நடந்த ஒன்றாகத்தான் தெரிகிறது. பாடம் மலாயில் இருக்கிறது, பயிற்சிப் புத்தகத்தில் அம்புக்குறி போட்ட கட்டங்களாக இருக்கிறது, “காரணம் நான்கு, விளைவு ஐந்து” என்று இருக்கிறது. தான் தினமும் மோட்டாரில் கடக்கும் பெயர்ப்பலகையும் கட்டத்துக்குள் இருக்கும் சொல்லும் ஒன்றுதான் என்று யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை. மூன்றாம் பாடத்திலும் இதே கதை. ஜப்பானியர் காலம் என்றால் தோட்டத்துத் தமிழனுக்கு சயாம் மரண இரயில்தான். பல வீடுகளில் பூட்டனோ பூட்டனின் தம்பியோ அங்கே போய்த் திரும்பாதவர். அந்த வீட்டுப் பிள்ளை ஜப்பானியர் ஆட்சியின் தாக்கங்கள் என்ற கேள்விக்கு வெள்ளைத்தாள் கொடுத்துவிட்டு எழுகிறான்.

முதல் பொதுச்சோதனையே இதுதான்

2008இல் பிறந்த பிள்ளைகளைப் பாருங்கள். ஆறாம் ஆண்டு படித்தது 2020இல். மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, அந்த ஆண்டு ஆறாம் ஆண்டுப் பொதுச்சோதனையான யூ.பி.எஸ்.ஆர். நடக்கவே இல்லை, மறு ஆண்டு அதை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள். மூன்றாம் படிவம் 2023இல். அதற்கு முந்திய ஆண்டே மூன்றாம் படிவப் பொதுச்சோதனையான பி.தி.3உம் எடுக்கப்பட்டது. 2025இல் ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். எழுதிய இந்த அணிக்கு அதற்கு முன் நாடு தழுவிய பொதுச்சோதனை ஒன்றுகூட இல்லை. நேரே பாலர் பள்ளியிலிருந்து எஸ்.பி.எம். வரை ஒரே மூச்சு. தமிழ்ப்பள்ளி முடித்து, முதல் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. ஓராண்டு மூத்தவர்கள் என்பதால் 2019இல் கடைசி யூ.பி.எஸ்.ஆரை எழுதியவர்கள். ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு வகைப் பிள்ளைகள். பொதுச்சோதனை மண்டபம் எப்படி இருக்கும் என்று ஒருவனுக்குத் தெரியும், மற்றவனுக்குத் தெரியாது.

இடையில் இருந்ததெல்லாம் வகுப்பறை மதிப்பீடு. அதில் அடைவுநிலை 1 முதல் 6 வரை. குறைந்தபட்சம் எட்ட வேண்டியது 3. நல்ல ஏற்பாடுதான், ஒழுங்காகச் செய்தால். நடைமுறையில் பெரும்பாலான பிள்ளைகளின் அறிக்கையில் மேலிருந்து கீழ்வரை 3, 3, 3, 3 என்று விழுந்தது. பெற்றோர் அதைப் பார்த்து, “பாஸாயிட்டான்” என்று எடுத்துக்கொண்டார்கள். பிள்ளையும் அப்படியே. ஆண்டிறுதியில் உவாசா என்ற சோதனை இருக்கிறது, ஆனால் அது பள்ளிக்குள்ளேயே நடந்து பள்ளிக்குள்ளேயே முடிகிறது. நாலாம் படிவத்தில்தான் திடீரென்று 18, 22, 15 என்று எண்கள் வர ஆரம்பிக்கின்றன. ஐந்தாண்டாக ‘3’ வாங்கிக்கொண்டிருந்தவன் ஒரே நாளில் ஏன் ‘ஜி’, அதாவது தோல்வி, ஆனான் என்று அவனுக்கும் புரியவில்லை, அப்பாவுக்கும் புரியவில்லை.

யூ.பி.எஸ்.ஆரைத் திரும்பக் கொண்டு வா என்று மேடைகளில் பேசுகிறவர்களோடு நான் சேரத் தயாரில்லை. ஏழு ஏ வாங்கியவனின் படத்தைப் பத்திரிகையில் போட்டுவிட்டு, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ‘இவன் தேறமாட்டான்’ என்று முத்திரை குத்திய காலத்தை மறந்தவர்களின் பேச்சு அது. ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தச் சோதனை எவ்வளவு மோசமாக இருந்தாலும் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று ஐந்து ஆண்டு முன்கூட்டியே சொல்லிவிடும். இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் இன்னும் தள்ளாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜி என்றால் நாற்பது புள்ளி

பள்ளிகளில் வழக்கமாகப் பின்பற்றும் அளவுகோலில் 40 முதல் 44 வரை ஈ, 45 முதல் 49 வரை டி, 50 முதல் 54 வரை சி. அதற்கு மேலே ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு படி, 70க்கு மேல் ஒவ்வொரு பத்துக்கும் ஒரு படி. கீழே பூஜ்யத்திலிருந்து 39 வரை ஒரே எழுத்து, ஜி. அதாவது ஏணியின் கீழ் நாற்பது அடிக்குப் படியே கிடையாது. நாற்பது கேள்விக்கும் ‘சி’ போட்டு, இரண்டாம் தாளை வெறுமனே கொடுத்தால் 140க்கு 10, நூற்றுக்கு 7. அது ஜி. ஆறு மாதம் இரவில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டி, தூக்கத்தை விட்டு எழுதி 18 வாங்கினால் அதுவும் ஜி. இன்னும் ஆறு மாதம் உழைத்து 31 வாங்கினாலும் ஜி. அறிக்கைத் தாளில் மூன்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே சிவப்பு மை. அந்தப் பையன் போட்ட கணக்கு இதுதான். கணக்கில் பிழையில்லை.

இதற்கு மேல் வெளியே இன்னொரு கணக்கு. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). ஈப்போ பக்கம் தொழிற்சாலைக்குப் போன அண்ணனுக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் இருக்கிறது, 1,700. இடையில் நின்றுவிட்ட பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சான்றிதழ் இல்லை, அவருக்கும் 1,700. சனி ஞாயிறில் திருமண வீட்டுக்குக் கெனோப்பி கட்டப் போனால் கையில் காசு அன்றைக்கே. பதினாறு வயதில் மோட்டார் லைசென்ஸ் எடுத்துவிடலாம். “எழுதி என்னா கெடைக்கப் போவுது சிக்கு?” என்று ஆசிரியரிடம் கேட்கிறவன் வம்புக்குக் கேட்பதில்லை. பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறான். “படிச்சா முன்னுக்கு வரலாம்” என்ற பதிலை அவன் ஒன்றாம் ஆண்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அதில் எண் எதுவும் இல்லை.

எண்ணோடு சொல்லக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது வாசல்களைப் பற்றியது. மலாயிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் மற்றப் பாடத்தில் எத்தனை ஏ இருந்தாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது, வரலாற்றுக்கு இந்த விதி 2013இலிருந்து. எஸ்.பி.எம். தகுதியில் அரசாங்க வேலைக்கு மலாயில் குறைந்தது சி வேண்டும். சான்றிதழே இல்லாவிட்டாலும் மலேசியத் திறன் சான்றிதழின் முதல் நிலைக்கு எழுதப் பேசத் தெரிந்தாலே போதும். அங்கிருந்து இரண்டு, மூன்று, பிறகு நான்காம் நிலையில் டிப்ளோமா என்று ஏறலாம். ஆனால் நேராக டிப்ளோமா, ஆறாம் படிவம் என்று போகும் வாசல்களில் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே முதல் வேலையில் 1,700க்கும் 1,700க்கும் வித்தியாசமில்லை என்பது சரி. அந்த வேலையிலிருந்து இரண்டாவது வேலைக்கு மாற நினைக்கும் 23 வயதில்தான் வித்தியாசம் தெரியும். பதினேழு வயதுப் பையனிடம் 23 வயதைப் பற்றிப் பேசி ஜெயித்தவர்கள் குறைவு.

பள்ளியிடமும் ஒரு கணக்கு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியின் சராசரித் தரத்தைக் கணிக்கும்போது ஏ பிளஸ் என்றால் 0, ஏ 1, ஏ மைனஸ் 2 என்று ஏறி, சி 6, டி 7, ஈ 8, ஜி 9. எண் குறையக் குறைய நல்லது. ஜியில் இருப்பவனை ஈக்குத் தூக்கினால் பள்ளிக்கு ஒரு புள்ளி லாபம். ஏ வாங்குகிறவனை ஏ பிளஸ் ஆக்கினாலும் அதே ஒரு புள்ளிதான். காகிதத்தில் இருவரும் சமம். ஆனால் சிறப்பு வகுப்பு, வெளியாசிரியர், ஊக்கமுகாம் எல்லாம் எந்தப் பக்கம் போகின்றன என்று சொல்லத் தேவையில்லை. படத்துக்குப் போஸ் கொடுக்கிறவன் ஏ பிளஸ்காரன். கடைசி வகுப்புக்குக் கிடைப்பது ஓர் அட்டை: தொடக்கப் புள்ளி 18, இலக்கு 40. பதினெட்டிலிருந்து நாற்பதுக்கு எப்படிப் போவது என்று அந்த அட்டையில் ஒரு வரியும் இருக்காது.

முப்பத்து நான்கு

டிரையல் தாள்கள் திரும்பி வரும் வாரம்தான் முக்கியமானது. பெரும்பாலும் அந்த வாரத்தில் தாளைக் கையில் கொடுத்து, விடையைப் படித்துக்காட்டி, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். பையன் தாளை மடித்துப் பையில் போடுவான், அது அங்கேயே கசங்கிக் கிடக்கும். அதைச் செய்யாமல், ஒரு வெற்றுத்தாளை எடுத்து நாற்பதைப் பின்னாலிருந்து பிரித்துக் காட்டும் ஆசிரியர்கள் சிலர் உண்டு. எல்லாம் திரும்புகிற இடம் அதுதான் என்பது என் எண்ணம். விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தாள் 40, இரண்டாம் தாள் 100. பல பள்ளிகளில் இரண்டையும் கூட்டி 140ஆக்கி நூற்றுக்கு மாற்றுவார்கள். நூற்றுக்கு 40 என்றால் 140க்கு 56. முதல் தாளில் நிச்சயமாகத் தெரிந்தவை 16 கேள்வி என்று வையுங்கள். மீதி 24ஐக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் நாலில் ஒன்று, 6. மொத்தம் 22. ஆக இரண்டாம் தாளில் வேண்டியது 34. நூற்றுக்கு முப்பத்து நான்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும், அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நாற்பது என்பது மலை. முப்பத்து நான்கு என்பது எண்ணக்கூடிய ஒன்று. (உண்மையான எஸ்.பி.எம்மில் தர எல்லைகளைத் தேர்வு வாரியம் வெளியிடுவதில்லை. ஆகவே இது டிரையலுக்கான கணக்கு. அதை மறைக்காமல் பிள்ளைகளிடமும் சொல்லிவிட வேண்டும். முப்பத்து நான்கோடு நிறுத்திக்கொள்ளாமல் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளச் சொல்வது நல்லது.)

முதல் தாளிலேயே பேரம் பேச இடமிருக்கிறது. ரோமன் எண்ணில் நான்கு கூற்று கொடுத்து, எவை சரி என்று கேட்கும் கேள்விகள் பல வரும். விருப்பங்கள் எப்போதும் ஒரே அச்சில்: ஏ என்றால் முதலும் இரண்டும், பி முதலும் நான்கும், சி இரண்டும் மூன்றும், டி மூன்றும் நான்கும். ஒவ்வொரு கூற்றும் சரியாக இரண்டு விருப்பத்தில்தான் இருக்கும். நான்கில் ஒரே ஒரு கூற்று தப்பு என்று தெரிந்தாலும் இரண்டு விருப்பம் கழிந்துவிடும். நாலில் ஒன்றாக இருந்த அதிர்ஷ்டம் பாதிக்குப் பாதியாகிவிடும். ஒன்று சரி, விருப்பங்களில் அதோடு இணைந்து வரும் ஒன்று தப்பு என்று தெரிந்தால் விடையே வந்துவிடும். இதைப் பத்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் இதற்குக் கேள்வியைப் படிக்க வேண்டும். படிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டால் ‘சி’ வரிசை தானாக நின்றுவிடும்.

இரண்டாம் தாளுக்கு இரண்டரை மணி நேரம், 150 நிமிடம். 34ஆல் வகுத்தால் நாலே கால் நிமிடத்துக்கு மேல் ஆகிறது ஒரு புள்ளிக்கு. திருத்துகிற முறை பெரும்பாலும் இப்படி: ஒரு தகவல் எழுதினால் ஒரு புள்ளி, அதை விளக்கினால் இன்னொன்று, எடுத்துக்காட்டுக் கொடுத்தால் மற்றொன்று. அழகாக எழுத வேண்டியதில்லை, மலாய் இலக்கணம் கொஞ்சம் தடுமாறினாலும் தகவல் புரிந்தால் போதும். “1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பிய மேலாளர்கள் கொல்லப்பட்டார்கள்” என்பது ஒரு தகவல். “இதனால் பிரிட்டிஷார் அவசரகாலத்தை அறிவித்தனர்” என்பது அதன் விளக்கம். நான்காம் படிவத்தில் பத்துப் பாடம், ஐந்தாம் படிவத்தில் பத்துப் பாடம். இருபதையும் படி என்றால் அவன் ஒன்றையும் திறக்கமாட்டான். கதையாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்கலாம்: ஜப்பானியர் காலம், அவசரகாலம், சுதந்திரத்துக்கான முயற்சிகள், சுதந்திரப் பிரகடனம், ஐந்தாம் படிவத்தில் மலேசியா உருவாக்கம். ஐந்து பாடம். அரசியலமைப்பும் கூட்டரசு முறையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்; அவை பெரியவர்களுக்கே தலைசுற்றும்.

எங்கே தப்பு நடக்கிறது என்றால், மனப்பாடம் தேவையே இல்லாத கேள்விகளைத்தான் இவர்கள் முதலில் விட்டுவிடுகிறார்கள். கேள்வியின் கடைசிக் கிளையில், “பாடா பெண்டாபாட் அண்டா” என்று தொடங்கி, உன் கருத்தில் ஒற்றுமையைக் காக்க இளைஞர் என்ன செய்யலாம், இந்த நிகழ்விலிருந்து என்ன பாடம் கற்கலாம் என்ற வகையில் கேட்டிருப்பார்கள். புத்தகத்தில் விடை இல்லை, பொருத்தமாக எதை எழுதினாலும் புள்ளி உண்டு. கடைசி வகுப்புத் தாள்களில் வெள்ளையாகக் கிடப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். “தெரியலேன்னா வுட்ரணும்” என்று யாரோ எப்போதோ சொன்னது மனத்தில் ஊறிவிட்டது. உன் கருத்தைக் கேட்கிறார்கள் என்றால் அவனுக்கு நம்பிக்கை வருவதில்லை. பள்ளியில் அவன் கருத்தை அதற்கு முன் கேட்டவர் இல்லை.

ரூமாஞா

மலாய்த்தாளில் வேறு விதமான சிக்கல். இந்தப் பிள்ளைகளுக்கு மலாய் பேச வரும், சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்கு நன்றாகவே வரும். அந்தப் பேச்சு மலாய்தான் எழுத்தில் காலை வாரிவிடுகிறது. அவனுடைய வீடு என்பதற்கு “டியா பூஞா ரூமா” என்று எழுதுவார்கள், “ரூமாஞா” என்று எழுத வேண்டிய இடத்தில். ஒட்டுச்சொற்கள் எல்லாம் உதிர்ந்துவிடும்: ஆஜார் என்ற ஒரே வேரிலிருந்து மெங்ஆஜார், பெலாஜார், பெலாஜாரான், பெங்ஆஜாரான் என்று கிளை கிளையாகப் போகும் மொழியில், எல்லா இடத்திலும் ஆஜார் என்றே எழுதினால் திருத்துகிறவர் என்ன செய்வார்? முதல் தாளின் இரண்டாம் பகுதிக்கு மட்டும் 70 புள்ளி, நான்கு தலைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். அதை வெறுமையாக விட்டுவிட்டு மண்டபத்தைவிட்டு வெளியே போகிறவன் அந்தத் தாளின் பெரும்பங்கை மேசையிலேயே விட்டுப்போகிறான். இங்கே வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஒரு நாளைக்கு ஒரு வேர்ச்சொல், அதன் ஐந்து வடிவம், ஐந்து வாக்கியம். ஆறு மாதத்தில் நூற்றைம்பது வேர்ச்சொல் கடந்துவிடலாம். ஆறு வாரத்தில் முடியாது. மலாய்க்கு ஆகஸ்டில் விழித்துக்கொள்வதில் பயனில்லை.

இதே பையன் தமிழ்த்தாளில் என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டும். நான்கு பக்கம் கட்டுரை எழுதுவான். கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்குவான். பதினைந்து பெற்றோர் கேட்டுக்கொண்டால் இடைநிலைப் பள்ளியில் தமிழ் நடத்த வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நடப்பது பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ. அப்படியும் வந்து உட்கார்ந்து படித்தவன். ‘தமிழ் எடுத்தால் ஏ குறைந்துவிடும்’ என்று நல்ல வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஒதுக்குகிற பாடத்தில், கடைசி வகுப்புப் பையனின் தாளில் மட்டும் உயிர் இருக்கும். சோதனை என்றாலே வெறுப்பு என்று சொல்கிறவர்கள் இந்தத் தாளை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை.

வேன் ஒன்றரைக்கு

இவ்வளவும் செய்யலாம், யாராவது மாலையில் உட்கார்ந்தால். பள்ளியில் கூடுதல் வகுப்பு இரண்டரைக்குத் தொடங்கி நாலு மணி வரை. உள்தோட்டங்களுக்குப் போகும் வேன் ஒன்றரைக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் அப்பா செம்பனைக் காட்டிலிருந்து மோட்டாரில் வந்து ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அதற்கு அவர் அரைநாள் கூலியை விட வேண்டும். ஆகவே கூடுதல் வகுப்பில் இருப்பவர்கள் பட்டணத்துத் தாமான் (குடியிருப்பு) பிள்ளைகள், யாருக்கு அது அவ்வளவாகத் தேவையில்லையோ அவர்கள். வருகைப் பதிவேட்டில் தோட்டத்துப் பிள்ளையின் பெயருக்கு நேரே வராதவன் என்று விழும். அவனுக்கு அக்கறையில்லை என்பதற்கு அதுவே சாட்சியாகிவிடும்.

கல்வித் தொண்டு அமைப்பான ஸ்ரீ முருகன் நிலையம் 1982இலிருந்து ஊர் ஊராக வகுப்பு நடத்துகிறது. கோயில் மண்டபங்களிலும் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். அவற்றால் கரையேறியவர்கள் ஏராளம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவையும் பெரும்பாலும் பட்டணத்தில், பெரும்பாலும் வர முடிந்தவர்களுக்கு. உள்தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளக் கட்டிய ஆயாக்கொட்டகை பகலில் சும்மாதான் கிடக்கிறது. வாரத்தில் ஒரு நாள், ஒரு வெள்ளைப்பலகை, எட்டுப் பிள்ளை, அந்த முப்பத்து நான்கு. ஆசிரியர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முந்திய ஆண்டு வரலாற்றில் டி வாங்கிய அக்கா ஒருத்தி போதும். எங்கே தடுக்கும் என்று ஏ பிளஸ்காரனைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வரலாற்றிலோ மலாயிலோ போய்விட்டால் மறுதேர்வு இருக்கிறது. அந்த ஒரு பாடத்தை மட்டும் எழுதித் தேறினால் சான்றிதழ் கைக்கு வரும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். அதற்குப் பதிய வேண்டும், பதிவதற்கு முடிவுத்தாளும் அதிலுள்ள எண்ணும் வேண்டும். முடிவு வந்த அன்று ஏ வாங்கியவர்கள் மண்டபத்தில் படம் எடுத்துக்கொள்வார்கள். கடைசி வகுப்பில் பாதிப் பேர் வருவதில்லை. ஜி என்று தெரிந்த தாளை வாங்க எதற்கு வேன் கூலி? அவர்களின் தாள்கள் பள்ளி அலுவலகத்து அலமாரியில் ரப்பர் வளையம் போட்டு அடுக்கியிருக்கும். கிராணி மாதம் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார். தமிழ் ஏ மைனஸ், நன்னெறி சி, கணிதம் ஈ, மலாய் டி, வரலாறு ஜி என்று இருக்கும் ஒரு தாளுக்குச் சொந்தக்காரன் அந்நேரம் ஈப்போவில் டயர்க்கடையில் நட்டுக் கழற்றிக்கொண்டிருப்பான். அவனுக்குத் தேவைப்படுவது ஒரே ஒரு பாடம். மறுதேர்வுப் பதிவு எப்போது முடிகிறது என்ற அறிவிப்பு, அலமாரிக்குப் பக்கத்துப் பலகையில் மலாயில் ஒட்டப்பட்டிருக்கிறது.